எண்ணூற்று நாற்பது கிராம்

எங்கள் ஸ்டோரில் இரண்டு தராசுகள் இருந்தன. மூட்டை நிறுக்கத் தரையோடு பதித்தது ஒன்று. கிராம் கணக்கில் காட்டும் மேசைத் தராசு இன்னொன்று. அந்த மேசைத் தராசுக்காகத்தான் அவன் என்னோடு பழகினான் என்று இன்றும் நினைக்கிறேன். என் முகத்துக்காக யாரும் அந்த ஸ்டோருக்கு வந்ததாக நினைவில்லை.

பெட்டாலிங் ஜெயாவில் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலை அது. நான் ஸ்டோர்கீப்பர். அவன் அச்சுகளைப் பழுது பார்க்கும் அறையில் லேத் மெஷின் ஓட்டினான். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. காலை பத்து மணிக்கு எல்லோரும் கேன்டீனுக்குப் போகும்போது அவன் மட்டும் எதையாவது துணியில் சுற்றிக்கொண்டு என்னிடம் வருவான். தன் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றியதாக இருக்கும். செயின் மூடி, சைடு ஸ்டாண்டு, பை மாட்டும் கொக்கி. தராசில் வைத்துவிட்டு எண் நிற்கும் வரை மூச்சு விடமாட்டான். உதடு மட்டும் அசையும். நின்றதும், "பாத்தியா, முன்னூத்திப் பத்து. இத்தனை நாளா சும்மா பெராட் தூக்கிக்கிட்டு ஓடியிருக்கு," என்பான்.

பெராட் அவனுடைய சொல். தமிழ் பேசும்போது நடுவில் மலாய் வந்து உட்கார்வது எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் 'பாரம்' என்று அவன் சொல்லி நான் கேட்டதே கிடையாது. செயின் மூடி பெராட். கைப்பிடி நுனியில் இருக்கும் ரப்பர் பெராட். கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டைகூட ஒரு நாள் அவனுக்குப் பெராட் ஆகிவிட்டது. மலாயில் சொன்னால் அது வெறும் கிராம் கணக்கு. தமிழில் சொன்னால் மனுஷருக்கும் பொருந்திவிடும். இந்த வித்தியாசம் அவனுக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது.

வண்டி சாதாரணக் கப்சாய்தான், சின்ன மோட்டார் சைக்கிள். ஒற்றை சிலிண்டர். கோலாலம்பூரில் கடிதம் கொண்டுபோகிறவர், நாசி லெமாக் விற்கிறவர், பள்ளிக்கூடக் காவல்காரர் எல்லோரும் ஓட்டுகிற வண்டி. அதை அவன் படுத்திய பாடு கொஞ்சமல்ல. சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் போட்டான். ஹெட்டை இழைத்தான். கேமை மாற்றினான். காந்தச் சக்கரத்தை எங்கள் லேத்திலேயே வைத்துச் சீவினான். சூப்பர்வைசர் வந்து கேட்டதற்கு, அச்சுக்கு ஒரு பாகம் என்று சொல்லிவிட்டான். கார்புரேட்டருக்குள் ஜெட் என்று துளை போட்ட பித்தளைத் துண்டு ஒன்று இருக்கும். எஞ்சினுக்கு எவ்வளவு எண்ணெய் போக வேண்டும் என்று அந்தத் துளைதான் தீர்மானிக்கும். பெட்ரோலைத்தான் எண்ணெய் என்போம். வேறு வேறு அளவுத் துளை போட்ட ஜெட்டுகளை அவன் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தான்.

செட்டிங் சரியா என்று பார்க்க அவனுக்கு ஒரு வழி இருந்தது. முழு வேகத்தில் போகும்போதே எஞ்சினை அணைத்து, அப்படியே உருண்டு வந்து நின்று, பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடிப்பான். கறுத்திருந்தால் எண்ணெய் அதிகம், அது பால் விடாத தே ஓ. பழுப்பாக இருந்தால் பால் விட்டு ஆற்றிய தே தாரேக், அதுதான் சரி. வெளுத்துப் போயிருந்தால் எண்ணெய் போதாமல் எஞ்சின் வேகிறது என்று பொருள். ஆனால் வெளுப்பதற்கு ஒரு முடி முன்னால்தான் ஓட்டம் இருக்கிறது என்பான். ஒரு தடவை பிரிக்ஃபீல்ட்ஸில் வாழையிலைக் கடையில் உட்கார்ந்திருந்தோம். தேநீர் வந்ததும் பையிலிருந்து பிளக்கை எடுத்து கிளாசுக்குப் பக்கத்தில் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பரிமாறும் ஆன்டி பயந்துபோய், "என்ன தம்பி, டீயில பூச்சியா?" என்றாள்.

"இல்ல ஆன்டி, டீ நல்லாதான் இருக்கு. என் வண்டிக்குத்தான் பால் கூடிப்போச்சு," என்றான் அவன்.

வெளுப்பதற்கு ஒரு முடி முன்னால் நிற்கிறவன் ஒரு நாள் தாண்டாமல் இருப்பானா? பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுந்துவிட்டது. கிள்ளானிலிருந்து சாலாக் செலாத்தானில் அவன் வீடு வரை என் ஸ்கூட்டரில் போய்க்கொண்டே அவன் வண்டியைக் காலால் தள்ளிக்கொண்டு வந்தேன். மறுநாள் அந்த ஓட்டைப் பிஸ்டனைத் துணியில் சுற்றி எடுத்து வந்து தராசில் வைத்தான். "நாலு கிராம் கம்மியாயிருச்சு லா," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தச் சிரிப்பு எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆள் மட்டும் நல்ல தொப்பை. மனைவியின் கைமணம் அப்படி. மதியம் அவன் சாப்பாட்டுக் கேரியரைத் திறந்தால், வேலை இருக்கிறது என்று எழுந்துபோனவர்கள்கூடத் திரும்பி வந்து உட்காருவார்கள். அந்த நெத்திலி சம்பலுக்காகவே நான் பல நாள் அவனிடம் சண்டை போடாமல் இருந்திருக்கிறேன். ஒரு நாள் அவனைப் பிடித்துத் தரைத்தராசில் ஏற்றினேன். எண்பத்து நான்கு கிலோ.

"டேய், கிராம் கிராமா ஏன்டா கழட்டுற? தொப்பையில பாதியக் கழட்டு, வண்டி பறக்கும்," என்றேன்.

"அது அவ போட்ட பெராட் லா. அதுல மட்டும் கை வைக்கமாட்டேன்," என்றான்.

அப்படிச் சொன்னவன்தான் அடுத்த மாதம் பின் கால்மிதிகளைக் கொண்டு வந்தான். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற இரண்டு இரும்புகள், அவற்றின் தாங்கிகளோடு. எண்ணூற்று நாற்பது கிராம். தங்கச்சி எங்கே கால் வைக்கும் என்று அவன் மனைவியை நினைத்துக் கேட்டேன். அவள் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். தினமும் காலையில் அவளைக் கடையில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்கு வருவான். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் கழற்றுகிறேன், அன்று சாயங்காலமே மாட்டிவிடுவேன் என்றான். இரண்டு மூன்று வாரம் அப்படித்தான் செய்தான். பிறகு ஒரு நாள் இரண்டையும் என் மேசை டிராயரில் போட்டு மூடினான். "இங்கயே இருக்கட்டும் மச்சான். வீட்ல இருந்தா மாட்டு மாட்டுன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

கண்ணாடிகளை மட்டும் வார நாட்களில் ஒழுங்காக மாட்டிக்கொள்வான். கண்ணாடி இல்லாவிட்டால் போலீஸ் சம்மன் கொடுக்கும். கால்மிதிக்கு யார் சம்மன் கொடுப்பது? அவள் கொமுட்டர் ரயிலில் போக ஆரம்பித்தாள். அந்தக் கால்மிதிகள் இன்றும் என்னிடம்தான் இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நாங்கள் கிள்ளானுக்கு அப்பால், துறைமுகத்துக்குப் போகிற தொழிற்பேட்டைச் சாலை ஒன்றுக்குப் போவோம். லோரிகள் ஓடாத நாள். நானூறு மீட்டரை டேப் வைத்து அளந்து இரு முனையிலும் வெள்ளைப் பெயின்ட்டால் கோடு போட்டு வைத்திருந்தான். ஒரு கோட்டில் அவன். மறு கோட்டில் கைபேசி ஸ்டாப்வாட்சோடு நான். இடது கையைத் தூக்கி இறக்கிவிட்டுப் புறப்படுவான். கை இறங்கும்போது ஒரு அழுத்து, கோட்டைத் தாண்டும்போது ஒரு அழுத்து. அந்த எஞ்சின் கத்திக்கொண்டு வருவதைக் கேட்டால் ஓரடி பின்னால் போவேன், கண்ணை மட்டும் எடுக்கமாட்டேன். அது பயம் மட்டும் என்று சொன்னால் பொய்.

அவன் யாரோடும் ரேஸ் ஓடியதில்லை. அந்தப் பக்கம் வரும் பையன்கள் சில தடவை கூப்பிட்டுப் பார்த்தார்கள், போகவில்லை. அவனுக்கு வேண்டியது ஒரு எண். பதினாறு விநாடிக்குக் கீழே, ஒரே ஒரு தடவை. ஏன் பதினாறு என்று கேட்டேன். பதினைந்து என்று ஆரம்பிக்கிற எண்ணை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். பார்த்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, சாதுவாக வேலைக்கு ஓட்டுகிற வண்டியாக வைத்துக்கொள்வேன் என்றான். மனைவியிடமும் இதையேதான் சொல்லியிருந்தான். பதினாறு புள்ளி நான்கில் வண்டி மாதக்கணக்கில் நின்றுகொண்டிருந்தது.

அந்த வருஷம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் என் மனைவியோடு அவள் வேலை செய்த கடைக்குப் போயிருந்தேன். என் மனைவி உள்ளே சேலை பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் என்னை வெளியே அஞ்சடிக்கு, கடை முன்னால் இருக்கும் நடைபாதைக்கு, கூப்பிட்டாள். சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணே, நான் அவருக்குப் பாரமாண்ணே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். முந்தின வாரம் அவளுடைய அண்ணன் வீட்டு விசேஷம். சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தில் யாரோ வண்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பின்னால் இருந்ததுதான் பெராட், அதை எடுத்ததும்தான் வண்டி ஓடுகிறது என்று இவன் சொல்லியிருக்கிறான். பந்தியில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். இவனோ, ஏன் சிரிக்கிறார்கள் என்றே தெரியாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தானாம்.

அவன் சொன்னது இரும்பைம்மா, ஆளை இல்லை என்று நான் விளக்கினேன். அந்த இரண்டு கால்மிதியையும் சேர்த்து எண்ணூற்று நாற்பது கிராம், அதைத்தான் சொல்லியிருப்பான் என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நிறுத்துக் குடுத்தது நீங்கதானாண்ணே?"

நான் தலை குனிந்தேன். வேறு என்ன செய்ய முடியும்? அவள் கோபப்படவில்லை. "எனக்கு நகை வேணாம், ஏறிப்போகக் காடி வேணாம். அந்த ரெண்டையும் திரும்ப மாட்டச் சொல்லுங்க. தீபாவளி வரைக்கும் பாப்பேன். இல்லன்னா சுங்கை சிப்புட்டுக்கு அம்மா வீட்டுக்குப் போயிருவேன். போனா வரமாட்டேன்," என்றாள். அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீடு வந்து சேர்வதற்குள் எனக்கு ஒரு வழி தோன்றிவிட்டது. கட்டைவிரல். கொஞ்சம் முன்னாடி அழுத்தினால் முடிந்தது. அவன் கேட்ட எண் அரை விநாடிக்கும் குறைவான தூரத்தில் இருந்தது. சொல்லப்போனால் எண்ணூற்று நாற்பது கிராம் குறைத்ததால் கிடைக்கும் நேரத்தைவிட என் விரல் தடுமாறும் நேரம் அதிகம். பதினைந்து புள்ளி ஒன்பது என்று காட்டிவிட்டால் அவன் ஆசை தீர்ந்தது, அவள் கவலையும் தீர்ந்தது. கடவுளே மன்னித்துவிடுவார்.

அடுத்த ஞாயிறு கால்மிதிகளையும் ஸ்பேனரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். அவன் கை இறங்கியது, அழுத்தினேன். எஞ்சின் கத்தியது. கோட்டுக்கு முன்னால் என் விரல் அழுத்தவில்லை. அவன் கோட்டைத் தாண்டும்போதுதான் அழுத்தியது. பதினாறு புள்ளி இரண்டு. இருபது வருஷம் தராசு காட்டியதை அப்படியே சொல்லிப் பழகிய புத்தி என்று என்னையே தேற்றிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. அந்த எண் நிஜமாகவே வருவதைப் பார்க்க எனக்கும் ஆசை இருந்தது. அதற்காக அந்தப் பெண்ணை ரயிலில் நிற்கவைத்தவர்களில் நானும் ஒருவன்.

பையிலிருந்து கால்மிதிகளை எடுத்துச் சாலையில் வைத்தேன். கடையில் அவள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். "மாட்டுடா. இப்பவே மாட்டு," என்றேன்.

அவன் வண்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினான். கால்மிதியை போல்ட்டுப் போட்டு இறுக்குவதற்குச் சட்டத்தில் இரண்டு பக்கமும் ஒரு இரும்புக் காது பற்றவைத்திருப்பார்கள். அது இல்லை. அறுத்து, ராவி, மேலே கறுப்புப் பெயின்ட்டும் அடித்திருந்தான்.

"எப்படா இதைச் செஞ்ச?"

"போன மாசம். நீதானே மச்சான் நிறுத்த. நூத்தித் தொண்ணூறு."

எனக்கு ஞாபகம் வந்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற இரண்டு கறுப்புத் துண்டுகள். என்னவென்று கேட்டதற்கு, சும்மா இரும்பு என்றான். நான் எண்ணைப் படித்துச் சொன்னேன். பரவாயில்லையே என்றுகூடச் சொன்னேன்.

வெல்டு செய்துவிடலாம், அரை மணி நேர வேலை என்றேன். செய்யலாம்தான் என்று ஒத்துக்கொண்டான். "பதினாறுக்குக் கீழ போனதும் செஞ்சிர்றேன். இன்னும் ரெண்டுதான் மச்சான் இருக்கு," என்றான். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் இரண்டைச் சொன்னான். தீபாவளிக்கு இரண்டு வாரம் இருப்பதை நான் சொன்னேன். அவன் ஜெட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தான்.

தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு வந்தபோது அவன் கையில் ஒரு டின் முறுக்கு கொடுத்தனுப்பியிருந்தாள். என் மனைவியின் பெயரைத் தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். கோபம் போய்விட்டது என்று நினைத்து நான் நிம்மதியாகத் தின்றேன். ஒரு வாரம் கழித்துத்தான் அவன் மதியச் சாப்பாட்டுக்குக் கேரியர் கொண்டு வராததைக் கவனித்தேன். கேட்டதற்கு, அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றான்.

அதற்கப்புறம் அவன் மதியத்தில் பாக்கெட் ரொட்டி இரண்டு துண்டு தின்பான். சில நாள் அதுவும் இல்லை. நான் கேன்டீனில் சோறு வாங்கி முன்னால் வைத்தால் கறியைப் பொறுக்கிவிட்டு மூடிவிடுவான். உப்பில்லை என்பான், காரமில்லை என்பான். சட்டை தொளதொளத்தது. லேத் அறையில் டிரில்லை வைத்து பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவனை நானே பார்த்தேன். அடுத்த மாதம் இன்னொரு ஓட்டை.

ஒரு நாள் பத்து மணிக்குக் கையில் துணி மூட்டை இல்லாமல் ஸ்டோருக்கு வந்தான். நேராகப் போய்த் தரைத்தராசில் ஏறி நின்றான். எழுபத்தொன்று. பெராட் என்று ஒன்றும் சொல்லவில்லை. போல்ட்டை நிறுக்கும்போது பார்ப்பது போலவே அந்த எண்ணைப் பார்த்தான், உதடு அசைந்தது. அவன் மனசுக்குள் கணக்குப் போடுகிறான் என்று தெரிந்தது. இறங்குடா என்று கத்தினேன். அவன் மேல் நான் கத்தியது அந்த ஒரு தடவைதான்.

அந்த ஞாயிறு போகக் கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். நல்ல வெயில். கை இறங்கியது, அழுத்தினேன். கோட்டைத் தாண்டியது, அழுத்தினேன். பதினைந்து புள்ளி எட்டு. கைபேசியைக் குலுக்கிவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். அவன் எப்போதும் போல எஞ்சினை அணைத்து உருண்டு போய் நின்று, பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். நான் கைபேசியைக் காட்டினேன். துள்ளிக் குதிப்பான் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அவகிட்ட சொல்லு மச்சான். நான் கூப்பிட்டா எடுக்கமாட்டா."

கூப்பிட்டேன். எடுத்தாள். பதினாறுக்குக் கீழே போய்விட்டது என்றேன், சொல்லச் சொன்னான் என்றேன். "சாப்பிடுறாராண்ணே?" என்றாள்.

அவன் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தான். கழுத்து எலும்பு சட்டைக்கு வெளியே தெரிந்தது. தராசில் எண் நிற்பதற்குக் காத்திருக்கும்போது நிற்பானே, அப்படி மூச்சை அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்காக ஒரு தடவைகூடப் பொய் சொல்லாத என் வாய் அப்போது சொன்னது.

"நல்லா சாப்பிடுறான்மா."

"அப்ப சரிண்ணே," என்று வைத்துவிட்டாள்.

"வர்றேன்னு சொன்னாளா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையசைத்தேன். அவன் வண்டியின் பின்பக்கம் குந்தி உட்கார்ந்து, முன்பு காது இருந்த பக்கத்தில் கட்டைவிரலை வைத்து மேலும் கீழும் தடவிக்கொண்டே இருந்தான். வெல்டு பண்ணணும் என்றான். இன்றைக்கே போகலாம், கிள்ளானில் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்று ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும் என்றேன். அவன் எழுந்திருக்கவில்லை. விரல் இன்னும் அங்கேயே இருந்தது.

"நல்லா ராவிட்டேன் லா மச்சான்," என்றான். "எந்த இடத்துல இருந்துச்சுன்னே தெரியல."